சிறுநீரக இயந்திரமும் ஏற்காட்டுச் செம்மண்ணும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுடையது. 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. உல்லாசமாகச் செல்வோர்க்கு அவ்வளைவுகள் இன்பம் தருவன. ஆனால், சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். மலைமேல் காப்பித் தோட்டத்தருகே வாழும் அவர் வாரத்தில் மூன்று நாள் சேலத்துக்கு இறங்கி, நான்கு மணி நேரம் ஓர் இயந்திரத்தின் பக்கத்தில் படுத்திருந்து, பொழுது சாயுமுன் மேலே திரும்ப வேண்டும். ஆண்டுக்கு 156 முறை இப்பயணம். அந்த இயந்திரத்தை நம்பலாமா என்பது அவருக்கு வெறும் ஏட்டுக் கேள்வியன்று. மாணவ நண்பர்களே, அக்கேள்விக்கு விடை காணும் வழியைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

இவ்வியந்திரத்துக்கு முன்னோடியை 1943இல் நெதர்லாந்து நாட்டின் கம்பன் நகரில் வில்லம் கோல்ஃப் என்னும் இளம் மருத்துவர் அமைத்தார். மரச்சட்டங்களாலான ஓர் உருளை. அதைச் சுற்றிச் செலோபேன் குழாய். அடியில் உப்பு நீர்த் தொட்டி. போர்க்காலத்தில் கைக்குக் கிடைத்தவை அவ்வளவே. 1945இல் 67 வயது மூதாட்டி ஒருவர் அதனால் உயிர் பிழைத்தார். நம் நாட்டில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1960களின் தொடக்கத்திலேயே இச்சிகிச்சை நடைபெற்றது. உருவம் மாறினாலும் தத்துவம் மாறவில்லை. மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் இரத்தம், மறுபக்கம் உப்புக் கரைசல். இரத்தத்தில் மிகுந்துள்ள யூரியாவும் பொட்டாசியமும் சவ்வின் நுண்துளைகள் வழியே கரைசலுக்குள் செல்கின்றன.

வேலை ஒழுங்காக நடந்ததா என்று எப்படி அறிவது? இயந்திரத்தின் முகப்பில் எண்கள் ஒளிர்கின்றன. நிமிடத்துக்கு 300 மில்லி லிட்டர் இரத்தம் ஓடுவதாக அது கூறும். ஊசி குறுகலாயிருந்தால் உண்மையில் ஓடுவது அதனினும் குறைவு. இறைப்பி சுழலும் வேகத்தை வைத்தே இயந்திரம் கணக்கிடுகிறது. ஆதலால் மருத்துவர்கள் நோயாளியின் இரத்தத்தையே கேட்கிறார்கள். தொடங்குமுன் 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 160 மில்லிகிராம் யூரியா இருந்து, முடிவில் அது 48 ஆகியிருந்தால், 70 விழுக்காடு குறைந்தது என்று பொருள். வாரம் மும்முறை சிகிச்சை பெறுவோர்க்கு 65 விழுக்காடாவது குறைதல் வேண்டும் என்பது மருத்துவ உலகம் கொண்டுள்ள அளவு. இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. இறைப்பியின் வேகத்தைத் தணிக்காமல் இறுதி மாதிரியை எடுத்தால், அப்போதுதான் தூய்மையாகித் திரும்பிய இரத்தமே அதில் கலந்துவிடக்கூடும். விடைத்தாளை மாணவனே திருத்திக்கொண்டதுபோல் மதிப்பெண் உயர்ந்து நிற்கும்!

இயந்திரத்துக்குள் காவலர் பலர் உளர். காற்றுக்குமிழி வந்தால் ஒருவன் குழாயை இறுக்கிப் பிடிப்பான். சவ்வு கிழிந்து இரத்தம் கசிந்தால் ஒருவன் மணியடிப்பான். கரைசலின் வெப்பத்தை ஒருவன் பார்ப்பான். உப்பின் அளவை மின்கடத்து திறனால் ஒருவன் அளப்பான். இக்கடைசிக் காவலனே பிறழ்ந்தால்? அதற்காகவே தனியான கைக்கருவி ஒன்றால் கரைசலை அளந்து, இரு எண்களையும் ஒப்பிடுகின்றனர். ஓர் இயந்திரத்தின் நேர்மைக்கு அதன் வாக்குமூலம் மட்டும் சான்றாகாது.

எந்தக் காவலன் கண்ணிலும் படாத பகைவன் ஒருவனும் உண்டு. அவனைச் சந்திக்க மறுபடியும் மலைக்கு வாருங்கள். சேர்வராயன் மலையின் உச்சிப் பகுதிகளில் செந்நிறப் பாக்சைட் படிந்துள்ளது. இங்கும் கொல்லி மலையிலும் வெட்டிய பாக்சைட்டு மேட்டூரில் இயங்கிவந்த அலுமினிய ஆலைக்குச் சென்றது. நம் சமையலறைப் பாத்திரமாகும் அதே உலோகந்தான். பாக்சைட்டில் உள்ள அலுமினியம் சாதாரண நீரில் எளிதில் கரைவதன்று. மலைநீரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கலங்கிய நீரைத் தெளிவிக்கப் படிகாரம் இடுகிறோமே, அதுவும் அலுமினிய உப்பே. (நம் பாட்டிமார் தேற்றாங்கொட்டையை உரைத்துத் தெளிவித்தனர், அதில் இத்தொல்லை இல்லை.) குடிக்கும் நீரில் சிறிது அலுமினியம் இருப்பினும் குடல் அதில் மிகச் சிறு பங்கையே ஏற்கும், ஏற்றதையும் சிறுநீரகம் வெளியேற்றிவிடும்.

நம் நோயாளிக்கோ அவ்விரு அரண்களும் இல்லை. நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் கரைசல் அவர் இரத்தத்தை அடுத்து ஓடுகிறது. வாரத்துக்கு 360 லிட்டர். அதிலுள்ள அலுமினியம் சவ்வைக் கடந்து இரத்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டு, எலும்பிலும் மூளையிலும் தங்கிவிடும். 1970களில் அமெரிக்காவின் டென்வர் நகரில் சில நோயாளிகளுக்கு நாக்குக் குழறியது, நினைவு தடுமாறியது, கைகால் வெட்டி இழுத்தது. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் எலும்புகள் நொறுங்கின. இறந்தோர் மூளையில் அலுமினியம் மிகுந்திருந்ததை டென்வர் ஆய்வாளர் 1976இல் வெளியிட்டனர். இயந்திரங்களில் பழுதேதும் இல்லை. மின்கடத்து திறனை அளக்கும் காவலனுக்கு, உப்பு மலிந்த கரைசலில் அத்துணைச் சிறிய அளவு தெரியவே தெரியாது.

பாடம் கற்ற பின்னும் 1996இல் கரீபியன் கடலின் குராசோ தீவில் அது திரும்ப நிகழ்ந்தது. சிகிச்சை நிலையத்துக்கு நீர் கொணரப் புதிய குழாய் பதித்தனர். அதன் உட்புறச் சிமெண்டுப் பூச்சிலிருந்து அலுமினியம் கரைந்து வந்தது. பத்து நோயாளிகள் மாண்டனர்.

நம் நாட்டுத் தரக்கட்டளை, வேறு நீர் கிடைக்காதவிடத்து, குடிநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் அலுமினியம் வரை பொறுத்துக்கொள்கிறது. சிறுநீரக இயந்திர நீருக்கு வகுத்த எல்லை 0.01, இருபதில் ஒரு பங்கு! ஆதலின் நீரைக் கரி நிரம்பிய தொட்டிகளிலும், பிறகு ஆர்.ஓ. சவ்விலும் செலுத்துகின்றனர். கரி, குளோரினைப் பிடிப்பதற்கு. அது தப்பினால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். ஆர்.ஓ. சவ்வு அலுமினியத்தைத் தடுப்பதற்கு. சவ்வு தேய்ந்தால் தடுப்புக் குறையும். அதனால் நீர் மாதிரியை அவ்வப்போது ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டியுள்ளது.

மலைப்பகுதியில் இத்தகைய நிலையம் அமைப்போர் மின்சாரத்தையும் எண்ண வேண்டும். மழைக்காலத்தில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால், மின்கலம் இரத்த இறைப்பியைச் சிறிது நேரமே ஓட்டும். அதற்குமேல், இறைப்பியில் ஒரு கைப்பிடியை மாட்டிச் செவிலியர் தம் கையாலேயே சுழற்றி, குழாயிலுள்ள இரத்தத்தை நோயாளியின் உடலுக்குள் திருப்பிச் செலுத்துவார். அக்கைப்பிடி இயந்திரத்தின் பின்புறம் உரிய இடத்தில் இருக்கிறதா என்று, காலையில் முதல் நோயாளி வருமுன், குளோரின் சோதனையோடு சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார்கள்.