நிலைத்து நிற்கும் தர்மம்



வெளிநாட்டு மருத்துவக் குழுவினர் ஒரு வாரம் தங்கி ஏழைகளுக்கு அறுவை சிகிச்சை செய்வது பெரும் நன்மையே. ஆனால் அவர்கள் விமானம் ஏறிய அன்றிரவே ஒரு தாய்க்குப் பிரசவம் சிக்கலானால் காப்பாற்றுவது யார்?

சோமாலிலாந்தின் எட்னா அதான் இஸ்மாயில் அம்மையார், உலக சுகாதார நிறுவனப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், தம் சேமிப்பைக் கொண்டு ஹர்கெய்ஸா நகரில் குப்பை கொட்டிய நிலத்தில் 2002-இல் பிரசவ மருத்துவமனை திறந்தார். வெளிநாட்டு அறுவை நிபுணர்கள் அங்கும் வந்துபோகின்றனர். அங்கேயே பயிற்சி பெற்ற உள்ளூர் மருத்துவச்சிகளோ நிலைத்திருக்கின்றனர்.

ஸதகத்துல் ஜாரியாவும் பயன்தரும் கல்வியும் மரணத்திற்குப் பின்னும் நன்மை சேர்ப்பவை. அவ்விரண்டும் இங்கே ஒன்றுகூடுகின்றன. மருத்துவ முகாமுக்கு வழங்கும் நாம், ஓர் ஏழைப் பெண்ணின் செவிலியர் படிப்புக்கும் ஒரு பங்கு ஒதுக்குவோம்.

வல்ல அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.