முதல் விமானம் மெதுவாகப் பறக்கட்டும்
(நம் குடியிருப்பு மாதக் கூட்டத்தில் பேசியது)



பள்ளி விடுமுறை வருகிறது. நம் பிளாக்குகளில் சில பிள்ளைகள் ரிமோட் விமானம் கேட்டு நச்சரிப்பதாகச் சொன்னீர்கள். வாங்கும் முன் என் கதையைக் கேளுங்கள்.

போர் விமானம் போலப் பளபளவென்று இருக்கிறதே என்று ஒன்றை மகனுக்கு வாங்கினேன். கையிலிருந்து வீசிய பத்தாவது நொடியில் மூக்கு குத்தி விழுந்து நொறுங்கியது. பணம் போனதைவிட, அதன்பிறகு அவன் அந்தப் பக்கமே வராததுதான் எனக்கு வருத்தம்.

எனவே அழகைப் பார்க்காதீர்கள். இறக்கை உடலுக்கு மேலே இருக்க வேண்டும். அதன் இரு முனைகளும் சற்று மேல்நோக்கி இருக்க வேண்டும். அப்படிப்பட்டது சாய்ந்தாலும் தானே நிமிரப் பார்க்கும். மெதுவாகப் பறப்பதால் யோசிக்க நேரம் கிடைக்கும். வளைந்து கொடுக்கும் ஃபோமில் செய்தது நல்லது. உடைந்தால் பசை போட்டு ஒட்டலாம். விசிறி இறக்கைக்குப் பின்னால் இருந்தால், மூக்கு குத்தினாலும் பெரும்பாலும் தப்பிவிடும். த்ராட்டில், ரடர், எலிவேட்டர் என்று மூன்று சேனல் போதும்.

விமானம் நம்மை நோக்கித் திரும்பி வரும்போது இடது வலது மாறிவிடும். புதியவர்கள் பலர் தடுமாறுவது அங்கேதான். முதலில் கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் பழகட்டும்.

மொட்டை மாடியும் பார்க்கிங்கும் வேண்டவே வேண்டாம். மின்கம்பி, கார், குழந்தைகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. அறுவடை முடிந்த காட்டில், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, காற்று எழும் முன் காலையிலேயே பறக்கவிடுங்கள். ஆடிக் காற்றில் தொடவே வேண்டாம்.

சட்டமும் உண்டு. 2021 ட்ரோன் விதிகளின்படி விமான நிலைய எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் முன் அனுமதி வேண்டும். நமக்குக் காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் இருக்கிறது. ஓமலூர்ப் பக்கம் போகிறவர்கள் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டே போங்கள்.

கடைசியாக, லிப்போ பேட்டரி. அடுக்குமாடியில் இருக்கும் நமக்கு இதுதான் முக்கியம். அதற்குரிய பேலன்ஸ் சார்ஜரில் மட்டும், ஆள் பக்கத்தில் இருக்கும்போது சார்ஜ் செய்யுங்கள். இரவில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். உப்பிய பேட்டரியை மறுபடி பயன்படுத்தாதீர்கள். ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அது எல்லா வீட்டுக்கும்தான்.

இப்போது என்னிடம் ஒரு பழைய ஃபோம் விமானம் இருக்கிறது, உடம்பெல்லாம் ஒட்டுப் போட்டது. வாங்கும் முன் பிள்ளையை என்னிடம் அனுப்புங்கள். அதில் ஓட்டிப் பார்க்கட்டும். பிடித்திருந்தால் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.