நடுச்சாமத்தில் அடுப்பைப் பார்ப்பது யார்?



முன்பெல்லாம் எங்கள் மெல்பேர்ண் வீடுகளில் பார்பிக்யூ என்றால் சொசேஜும் கோழிக்காலும்தான். அரை மணித்தியாலத்தில் வாட்டி முடித்துவிடுவோம். இப்போது எங்கள் ஆட்கள் பலர் அமெரிக்காவின் ரெக்சாஸ்காரர்களைப் போல, மூடியுள்ள ஸ்மோக்கர் அடுப்பில் கரியும் விறகுத் துண்டும் இட்டு, இரவு முழுவதும் இறைச்சியைப் புகையில் வேகவைக்கப் பழகிவிட்டார்கள். மாட்டின் நெஞ்சுப் பகுதியான பிரிஸ்கெட், அல்லது பன்றித் தோள், ஐந்து கிலோவுக்குக் குறையாத துண்டு. மத்தியானச் சாப்பாட்டுக்குத் தயாராக வேண்டுமானால் முதல்நாள் இரவு ஒன்பது மணிக்கே அடுப்பில் ஏற்ற வேண்டும்.

சென்ற மாதம் ஒரு நேயர் என்னிடம், “இரவில் வைத்துவிட்டுப் படுக்க ஒரு வயர்லெஸ் வெப்பமானி வாங்கப் போகிறேன், எது நல்லது?” என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை உங்களோடும் பகிர்ந்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன். பதிலுக்கு முன் எனக்கு நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும்.

மகனுடைய பதினெட்டாவது பிறந்தநாள். இருபத்தைந்து பேருக்குச் சொல்லியிருந்தோம். ஐந்தரைக் கிலோ பன்றித் தோளை இரவு ஒன்பது மணிக்கு அடுப்பில் வைத்தேன். கைத்தொலைபேசியில் சூடு காட்டும் ஒரு வெப்பமானி புதிதாக வாங்கியிருந்தேன். குசினியில் இருந்து பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. மேல்மாடிக்குப் போய்ப் படுத்தேன். இடையில் ஒருமுறை விழித்துப் பார்த்தேன். திரையில் 112 பாகை. நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

காலை ஆறரைக்கு எழும்பினால் அப்போதும் 112 பாகை. சந்தேகப்பட்டுக் கீழே போய் மூடியைத் திறந்தேன். கரி அணைந்து சாம்பலாகிக் கிடந்தது. இறைச்சியின் உள்ளே 46 பாகை. தொடர்பு அறுந்தபின், கடைசியாக வந்த எண்ணையே தொலைபேசி இரவு முழுக்கக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அது ஒரு சத்தமும் போடவில்லை.

அவ்வளவையும் குப்பையில் போட்டேன். “திரும்ப நெருப்பு மூட்டினால் போயிற்று” என்று சிலர் சொன்னார்கள். அது ஆபத்தான யோசனை. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும் என்பது இங்குள்ள உணவுப் பாதுகாப்பு விதி. அந்த இடைச்சூட்டில் மொத்தம் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் இருந்த உணவை எறிந்துவிட வேண்டும். சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாது. என்னுடைய இறைச்சி எத்தனை மணித்தியாலம் அப்படிக் கிடந்தது? அரை மணியா, ஐந்து மணியா? அதைச் சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை. வரப்போகிறவர்களில் கைக்குழந்தைகளும் வயதானவர்களும் இருந்தார்கள்.

எங்கள் மாமி சுத்த சைவம். ஆனாலும் அடுப்பைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார்: “தம்பி, பார்க்க ஆள் இல்லாட்டி அடுப்பு மூட்டக்கூடாது.”

நேயர்களே, கடையில் நிற்கும்போது இந்த வார்த்தைதான் நினைவில் இருக்க வேண்டும். இரவுச் சமையலுக்கு வாங்கும் வெப்பமானி, சூட்டை அளக்கும் கருவி மட்டும் அல்ல. நீங்கள் தூங்கும்போது உங்களுக்குப் பதிலாக அடுப்பைப் பார்க்கும் ஆள் அது. ஊரில் காவலுக்கு நாய் வளர்க்கிறவர் அதன் நிறத்தையா பார்ப்பார்? குரைக்க வேண்டிய நேரத்தில் குரைக்குமா என்றுதானே பார்ப்பார்? அதே கேள்வியைத்தான் இங்கேயும் கேட்கவேண்டும்.

முதலாவது, அது எதைப் பார்க்கிறது? இறைச்சிக்குள் ஒரு ஊசி, அடுப்பின் காற்றுக்கு ஒரு ஊசி என்று குறைந்தது இரண்டு வேண்டும். பலர் இறைச்சியின் சூட்டையே பெரிதாக நினைக்கிறார்கள். இரவில் முக்கியமானது காற்றின் சூடு. நெருப்பு தணிந்தால் காற்று சில நிமிடங்களில் காட்டிக்கொடுக்கும். பெரிய இறைச்சித் துண்டு அதை உணர நெடுநேரம் எடுக்கும். அடுப்பின் காற்று 107 முதல் 120 பாகைக்குள் நிற்பது வழக்கம். அந்த ஊசியைக் கம்பித் தட்டின் உயரத்தில், இறைச்சியில் இருந்து சில சென்ரிமீற்றர் தள்ளிப் பொருத்துங்கள். மூடியில் பதித்துவரும் வட்ட வெப்பமானியை நம்பவேண்டாம். மூடிக்கும் தட்டுக்கும் இடையே இருபது பாகை வித்தியாசம் இருந்தாலும் ஆச்சரியமில்லை.

இரண்டாவது, செய்தி எந்த வழியால் வருகிறது? மூன்று வழிகள் உண்டு.

புளூடூத் நேராகத் தொலைபேசிக்குப் பேசும். விலை குறைவு. ஆனால் சாதாரணமாகப் பத்து மீற்றர் தூரத்துக்கென்று அமைந்த தொடர்பு அது. பெட்டியில் பெரிய எண் எழுதியிருந்தாலும் அது வெட்டவெளியில் அளந்த தூரம். செங்கல் சுவரும் இரும்புக் கதவும் குறுக்கே வந்தால் அது சுருங்கிவிடும். எனக்கு நடந்ததும் அதுதான்.

வை-ஃபை வகை, வீட்டு இணையத் தொடர்பினூடாக, பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் கணினிக்குப் போய், அங்கிருந்து உங்கள் தொலைபேசிக்கு வரும். கடைக்குப் போய் நின்றும் பார்க்கலாம். இரவு முழுவதும் சூடு ஏறி இறங்கியதை வரைபடமாகச் சேமித்தும் வைக்கும். அன்று என்னிடம் இல்லாமல் போனது இந்தப் பதிவுதான். ஆனால் மின்சாரமோ இணையமோ தடைப்பட்டால் செய்தி நின்றுவிடும். இவற்றில் அநேகமானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணையும் என்பதையும் கவனியுங்கள். அந்த அலைவரிசை உங்கள் பின்வளவு வரை எட்டுகிறதா என்று முதலில் பாருங்கள்.

மூன்றாவது, பழைய ரேடியோ வகை. அடுப்படியில் ஒரு பெட்டி, கட்டில் பக்கத்தில் ஒரு பெட்டி. 433 அல்லது 915 மெகாஹெர்ட்ஸ் போன்ற குறைந்த அலைவரிசைகளில் வேலை செய்வதால் சுவர்களை நன்றாகவே ஊடுருவும். தொலைபேசியும் வேண்டாம், இணையமும் வேண்டாம். பார்க்க நாகரிகமாக இராது. ஆனால் தூக்கத்துக்கு ஏற்றது இதுதான் என்பது என் அனுபவம். வெளிநாட்டில் இருந்து தருவிப்பவர்கள், அவுஸ்திரேலியாவுக்குரிய ஆர்.சி.எம். குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அலைவரிசை விதிகள் நாட்டுக்கு நாடு வேறு.

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. எப்போது சத்தம் போடும்? இறைச்சி வெந்ததும் கூப்பிடுவது எல்லாக் கருவிக்கும் தெரியும். அது போதாது. காற்றின் சூடு ஒரு அளவுக்குக் கீழே இறங்கினாலும் மேலே ஏறினாலும் கூப்பிட வேண்டும். தொடர்பு அறுந்தாலும் கூப்பிட வேண்டும். இந்தக் கடைசி வசதி இல்லாத கருவியை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், இரவுக்கு வாங்காதீர்கள். தொலைபேசியில் வரும் அலாரமாக இருந்தால் இன்னொன்று: இரவில் தொலைபேசியை மௌனமாக்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. அந்த மௌனத்தையும் மீறி ஒலிக்க அனுமதி கொடுத்து வையுங்கள்.

இப்போது வயரே இல்லாத ஊசிகளும் வருகின்றன. 2015 இல் கிக்ஸ்ரார்ரர் தளத்தில் மக்களிடம் நிதி திரட்டி வந்த மீற்றர் என்பது இவற்றில் பலருக்கும் தெரிந்தது. கோழியையோ ஆட்டுத் தொடையையோ பகலில் வாட்ட இவை மிக வசதி. இரவுக்கு வாங்கும்போது மட்டும் இரண்டு விடயங்களை யோசியுங்கள். தடித்த இரும்பு அடுப்புக்குள் இருந்து அலைகள் வெளியே வருவது சிரமம். ஆகவே பக்கத்தில் வைக்கும் இடைப்பெட்டி உள்ளதா என்று கேளுங்கள். மேலும், காற்றின் சூட்டை அது அளப்பது இறைச்சியின் ஓரத்தில் என்பதால், இறைச்சி ஈரமாக இருக்கும்வரை உண்மையைவிடக் குறைவாகவே காட்டும்.

எந்த வகையை வாங்கினாலும் முதல் இரவே விருந்துக்கு வைக்காதீர்கள். பகலில் ஒரு ஒத்திகை பாருங்கள். நொறுக்கிய ஐஸ் நிரப்பிய கோப்பையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, கலக்கி, ஊசியின் நுனியை நடுவில் பிடியுங்கள். 0 பாகை காட்ட வேண்டும். ஒரு பாகை கூடக்குறைய இருந்தால் பரவாயில்லை. பிறகு கருவியை அடுப்படியில் வைத்து, படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுங்கள். வீட்டில் ஒருவரை அனுப்பிக் காற்று ஊசியைக் குளிர்நீரில் வைக்கச் சொல்லுங்கள். அலாரம் கேட்கிறதா? பின்பு அடுப்படிப் பெட்டியை அணைக்கச் சொல்லுங்கள். இப்போதும் கேட்கிறதா? இரண்டுக்கும் கேட்டால் அது காவல்காரன். இல்லையென்றால், கடைப் பற்றுச்சீட்டைத் தேடி எடுங்கள்.

அலாரம் அடிக்காமலே உங்களைப் பயமுறுத்தும் ஒன்றும் உண்டு. இறைச்சி 65 பாகையைத் தாண்டியதும் சூடு ஏறாமல் பல மணித்தியாலம் அப்படியே நிற்கும். கருவி பழுது என்று எண்ணிவிடாதீர்கள். மண் கூசாவில் தண்ணீர் குளிர்வது எப்படி? மேற்பரப்பில் கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. இறைச்சியிலும் அதே வேலைதான் நடக்கிறது. காற்றின் சூடு சரியாக இருந்தால் திரும்பிப் படுத்துத் தூங்குங்கள். அவசரமென்றால் அலுமினியத் தாளில் சுற்றிவிடலாம். கடைசியில் 93 பாகை அளவில் ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கினால் வெந்துவிட்டது.

வெப்பமானி பார்த்துக்கொள்ள முடியாத இரண்டு விடயங்கள் உண்டு. மழை வந்தால் கரி அடுப்பைக் கராஜுக்குள் தள்ளவே கூடாது. கரியில் இருந்து வரும் கார்பன் மொனொக்சைட் மணமில்லாத நச்சு வாயு. மற்றது, முழுத் தீத்தடை நாள். விக்ரோறியாவில் அது வழக்கமாக நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடத்தில் தொடங்குகிறது. இரவு ஒன்பது மணிக்குச் சட்டப்படி மூட்டிய கரி அடுப்பு, பன்னிரண்டு மணிக்குப் பின் குற்றமாகிவிடும். ஆகவே நாளைக்கும் தீத்தடை உண்டா என்று பார்த்துவிட்டு நெருப்பை மூட்டுங்கள்.

அந்தப் பிறந்தநாளுக்குக் கடைக் கொத்துரொட்டிதான் சாப்பாடு. இரண்டு மாதம் கழித்து மகனுக்காக மறுபடி வைத்தேன். இந்த முறை தலையணைக்குப் பக்கத்தில் ரேடியோப் பெட்டி. அதிகாலை மூன்று மணி பத்து நிமிடத்துக்கு அது அலறியது. வீடே எழும்பிவிட்டது. குளிருக்குக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடினேன். காற்று 90 பாகைக்கு இறங்கியிருந்தது. சாம்பலைத் தட்டி, கரி சேர்த்து, பத்து நிமிடத்தில் திரும்பி வந்தேன். மாமி படியில் நின்றார்.

“என்ன தம்பி, ஆள் கூப்பிட்டதோ?” என்றார்.

“ஓம் மாமி, கூப்பிட்டது” என்றேன்.

அவர் போய்ப் படுத்துவிட்டார். மத்தியானம் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டோம்.