லைட்டை அணைச்சா போதுமா? பழைய ஹைபிரிட் காரும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும்

செகண்ட்ஹேண்ட் ஹைபிரிட் கார் வாங்கினேன்னு சொன்னதிலிருந்து எல்லாரும் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "பேட்டரி எப்படி இருக்கு?" பேட்டரி நல்லா இருக்கு. எனக்குத் தலைவலி கொடுத்தது வண்டிக்கு அடியில, சைலன்சர் குழாயில உட்கார்ந்திருக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். இன்னைக்கு அதைப் பத்தித்தான்.

வண்டி 2014 மாடல். சென்னையில 5.4 லட்சத்துக்கு வாங்கி, திண்டிவனம், செஞ்சி வழியா திருவண்ணாமலைக்கு ஓட்டிட்டு வந்தேன். ஒரு குறையும் தெரியல. ரெண்டு வாரம் ஊருக்குள்ளேயே ஓட்டினேன். அப்பவும் ஒண்ணும் இல்ல. மறுபடி சென்னைக்குப் போனப்போ, மதுராந்தகம் தாண்டினதும் மஞ்சள் கலர்ல செக் எஞ்சின் லைட். நானூறு சொச்சம் ரூபாய்க்கு வாங்கின ஓ.பி.டி. ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தா, பி 0420. கேட்டலிஸ்ட் ஒழுங்கா வேலை செய்யலன்னு அர்த்தம்.

இது புதுசா வந்த பிரச்சினை இல்லன்னு எனக்கு உடனே தோணுச்சு. நாம சர்வர்ல எரர் லாகை டெலீட் பண்ணா பிழை போயிடுமா? விற்கிறதுக்கு முன்னாடி யாரோ கோடை அழிச்சிருக்கணும். கம்ப்யூட்டர் அந்தச் சோதனையை மறுபடி ஓட்ட எஞ்சின் நல்லா சூடாகி, கொஞ்ச நேரம் சீரான வேகத்துல போகணும். பெரும்பாலான வண்டிகள்ல ரெண்டு பயணத்துல ஃபெயில் ஆனாத்தான் லைட்டே எரியும். ஊருக்குள்ள பஸ் ஸ்டாண்டுக்கும் மார்க்கெட்டுக்கும் ஓட்டுறதுல அந்தச் சோதனை முடியவே முடியாது. வாங்குறப்பவே ஸ்கேனர்ல 'மானிட்டர் ரெடினெஸ்' பக்கத்தைப் பார்த்திருந்தா, 'முடியவில்லை'ன்னு காட்டியிருக்கும். நான் பேட்டரியை மட்டும்தான் பார்த்தேன். பெரிய புத்திசாலி!

அந்த டப்பாக்குள்ள என்ன இருக்கு? தேன்கூடு மாதிரி பீங்கான் கட்டி. அதுமேல பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. கிட்டத்தட்ட 300 டிகிரி சூடானாத்தான் அது சரியா வேலை செய்ய ஆரம்பிக்கும். "பேட்டரி ஃபுல்லா இருந்தும் காலையில எஞ்சின் ஏன் ஒரு நிமிஷம் சும்மா ஓடுது?"ன்னு கேட்டிருந்தீங்களே, அது பெரும்பாலும் இதைச் சூடாக்கத்தான்.

ஊர்ல ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட காட்டினேன். "தம்பி, உள்ள இருக்கிறதைத் தட்டி எடுத்துட்டு வெறும் குழாயாக்கிடலாம். 1,500 ரூபாய். லைட் எரியாம பண்ணவும் ஆள் இருக்கு"ன்னார். தட்டி எடுத்ததை என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். சிரிச்சார். 2021ல ரோடியம் ஒரு அவுன்ஸ் 29,000 டாலர் வரைக்கும் போச்சு. இப்ப அந்த விலை இல்லன்னாலும், பழைய கட்டியை எடைபோட்டு வாங்க ஆள் இருக்கு. அதாவது நான் காசும் கொடுத்து, சரக்கையும் கொடுத்துட்டு வரணும்.

உண்மையைச் சொல்றேன், சபலம் வந்துச்சு. கம்பெனி பார்ட்டுக்கு 1.1 லட்சம் கேட்டாங்க. வீட்டுல சொன்னேன். அப்பா மாசாமாசம் பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்கிறவர். "நான் செருப்பில்லாம நடக்கிற ரோட்டுலதான்டா நீ அந்த வண்டியை ஓட்டப்போற"ன்னார். வேற ஒண்ணும் சொல்லல. சட்டப்படியும் தப்புதான். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு இப்படி மாத்துறதைத் தடுக்குது.

சரி, நிஜமாவே கட்டிதான் கெட்டிருக்கான்னு பார்க்கலாம்னு உட்கார்ந்தேன். பின்னாடி இருக்கிற ஆக்ஸிஜன் சென்சாரோட கிராஃப், வண்டி சீரா போறப்போ காத்தில்லாத குளம் மாதிரி அமைதியா இருக்கணும். எனக்கு 0.1க்கும் 0.8 வோல்ட்டுக்கும் நடுவுல குதிச்சுக்கிட்டே இருந்துச்சு. (இந்த மாதிரி வண்டியில முன்னாடி இருக்கிற சென்சார் வேற ரகம். ரெண்டு கோட்டையும் பக்கத்துல வச்சு ஒப்பிடுற யூடியூப் வைத்தியம் இதுக்குச் சரிப்படாது.) குழாய் இணைப்புல கேஸ்கெட் லீக் இருந்தாலும் வெளிக்காத்து உள்ள போய் இதே கோடு வரும். என் வண்டியில லீக் இருந்துச்சு! 600 ரூபாய்ல மாத்தினோம். லைட் போச்சு. வீட்டுல எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கிட்டுப் போனேன்.

மூணு வாரத்துல லைட் திரும்ப வந்துச்சு.

அப்பத்தான் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழ. எஞ்சின் ஆயில் குடிக்குது. ஆயில்ல இருக்கிற பாஸ்பரஸ், துத்தநாகம் எல்லாம் எரிஞ்சு அந்தப் பூச்சு மேல படிஞ்சு மூடிடும். முன்னாடி பெட்ரோல்ல இருந்த ஈயம் இதே வேலையைத்தான் செஞ்சது. அதனாலதான் 1995 ஏப்ரல்ல சென்னை உட்பட நாலு பெருநகரங்கள்ல புது பெட்ரோல் கார்களுக்கு கன்வெர்ட்டர் கட்டாயமானப்பவே, ஈயமில்லாத பெட்ரோலையும் கொண்டு வந்தாங்க.

ஹைபிரிட்ல இது தெரியாமலே போயிடும், அதுதான் சிக்கல். எஞ்சின் பாதி நேரம் நிக்குது, புகை கண்ணுல படாது. இழுவை குறைஞ்சாலும் மோட்டார் கைகொடுத்து மறைச்சிடும். இந்த நிலைமையில 1.1 லட்சத்துக்குப் புதுசு போட்டா, அதையும் இந்த எஞ்சின் சாப்பிட்டுடும். அதனால முதல்ல பி.சி.வி. வால்வை மாத்தினோம். சின்னச் செலவுதான். 1,500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடிச்சது, இப்ப ஏறக்குறைய பாதியாகியிருக்கு. அதுவும் அதிகம்தான்.

நடுவுல பொல்யூஷன் சர்டிபிகேட் எடுக்கப் போனது தனி காமெடி. குழாயில குச்சியை விட்டதும் எஞ்சின் நின்னுடுச்சு. "ஆன் பண்ணுங்க சார்"ங்கிறார். வண்டி ஆன்லதான் இருக்கு! கடைசியில பெடலையும் கியரையும் மேனுவல்ல சொன்ன வரிசையில அழுத்தி, மெயின்டனன்ஸ் மோடுக்குக் கொண்டு போய் எஞ்சினை ஓட வச்சேன். கார்பன் மோனாக்சைடு 0.11 சதவீதம். வரம்பு 0.3. பாஸ்! ஆனா அதை வச்சு கட்டி நல்லா இருக்குன்னு நான் நினைச்சுக்கல. சூடான எஞ்சினை நிறுத்தி வச்சு எடுக்கிற சோதனை அது. ரோட்டுல வேகம் கூட்டுறப்போ என்ன வெளிய வருதுன்னு அது சொல்லாது.

2022ல வந்த கிராண்ட் விட்டாரா, ஹைரைடர், சிட்டி ஹைபிரிட் எல்லாம் இப்ப செகண்ட்ஹேண்ட் மார்க்கெட்டுக்கு வர ஆரம்பிச்சிருக்கு. பார்க்கப் போறவங்க ஸ்கேனரைக் கையோட எடுத்துட்டுப் போங்க. டிப்ஸ்டிக்கையும் இழுத்துப் பாருங்க. விற்கிறவர் முறைச்சாலும் பரவாயில்ல.

என் வண்டியில இப்பவும் லைட் எரியுது. ஞாயித்துக்கிழமை காலையில ஆயில் அளந்து ஒரு ஷீட்ல எழுதி வைக்கிறேன். இன்னும் 2,000 கிலோமீட்டர் பார்த்துட்டு, பிஸ்டன் ரிங் வேலை வேணுமான்னு முடிவு பண்ணணும். அதுக்கப்புறம்தான் புது கன்வெர்ட்டர். அதுவரைக்கும் பௌர்ணமி அன்னைக்கு வண்டியை வெளிய எடுக்கிறதில்ல.