பிராட் கேம்டனிலிருந்து பார்த்த கிராமம்

(இனயத்தில் நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சின் போக்கு பெரிதாக மாற்றப்படவில்லை.)



வெளிநாட்டுக்குப் போய்க் குடியேறுகிறவர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தப் பக்கத்தில் இது புதிய சங்கதி இல்லை. வளைகுடாவில் மீன்பிடிக்கப் போனவர், இங்கிலாந்துக்குப் போன நர்ஸ், அங்கே ஒரு வருஷப் படிப்புக்குப் போகிற பிள்ளை என்று வீட்டுக்கு ஒரு கதை இருக்கு. நான் நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு கதையை எடுத்துக்கொள்கிறேன். தமிழ் வேளாளக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் இங்கிலாந்தில் ஒரு சின்னக் கிராமத்தில் குடியேறினார். அங்கே உட்கார்ந்து நம்ம கிராமத்தைப் பற்றி எழுதினார். கிராமத்துக்குத் திரும்புவோம் என்று பேசுகிற மேடைகளில் அவர் வரைந்த கிராமம் இன்னமும் உயிரோடு இருக்கு. அதனால்தான் பேச வேண்டியிருக்கு.

அவர் ஆனந்த குமாரசாமி. 1877இல் கொழும்பில் பிறந்தவர். அப்பா சர் முத்து குமாரசுவாமி. இலங்கைச் சட்டசபையில் இருந்தவர், லண்டனில் பாரிஸ்டர் ஆனவர். அம்மா எலிசபெத் கென்ட் பகுதியைச் சேர்ந்த ஆங்கிலேயர். பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் முத்து குமாரசுவாமியின் சகோதரி பிள்ளைகள். எல்லாருக்கும் வாக்குரிமை என்ற டொனமூர் ஆணைக்குழுவின் யோசனையைப் பிற்காலத்தில் எதிர்த்தாரே, அதே இராமநாதன்தான். குடும்பம் எப்பேர்ப்பட்டது என்று காட்டத்தான் இதைச் சொல்கிறேன்.

இரண்டு வயதாகும் முன்பே அப்பா இறந்துபோனார். ஆனந்தா இங்கிலாந்தில் வளர்ந்தார். குளோஸ்டர்ஷயர் மாவட்டத்தில் பள்ளிப்படிப்பு, லண்டனில் நிலவியல் படிப்பு. 1903 முதல் 1906 வரை இலங்கையில் கனிமவள ஆய்வுத் துறையின் இயக்குநர். 1907இல் திரும்பவும் இங்கிலாந்து. மனைவி எத்தலோடு குளோஸ்டர்ஷயரிலேயே பிராட் கேம்டன் என்கிற கிராமத்தில் குடியேறினார். 'நார்மன் சேப்பல்' என்று ஒரு பழைய கட்டடம், பாழடைந்து கிடந்தது. அதை ஆஷ்பி என்ற கட்டடக் கலைஞர் வீடாக மாற்றிக் கொடுத்தார். வில்லியம் மாரிஸ் பயன்படுத்திய கை அச்சு எந்திரம் ஆஷ்பியிடம் இருந்தது. அது குமாரசாமி வீட்டுக்கு வந்தது. சிங்களக் கலை பற்றிய தன் பெரிய புத்தகத்தை அந்த வீட்டிலேயே அச்சிட்டார். 425 பிரதிகள். 1908 கடைசியில் வேலை முடிந்தது.

இதே ஆஷ்பியின் இன்னொரு குடியேற்றத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும். லண்டன் கிழக்குப் பகுதியில் 1888இல் அவர் ஒரு கைவினைஞர் சங்கம் தொடங்கினார். வெள்ளி வேலை, தச்சு வேலை, கொல்லு வேலை செய்கிறவர்கள் அதில் இருந்தார்கள். 1902இல் அவர்களைக் குடும்பம் குடும்பமாகப் பக்கத்துச் சிப்பிங் கேம்டனுக்குக் கொண்டுவந்தார். ஒரு பழைய பட்டு ஆலையில் பட்டறை. நகரத்துத் தொழிலாளி கிராமத்துக் காற்றில் நல்ல மனிதனாக வாழ்வான் என்பது அவர் கனவு. ஊர்க்காரர்கள் இவர்களை அந்நியராகத்தான் பார்த்தார்கள். சந்தை தூரம், செய்த பொருளுக்கு விலை அதிகம், போட்டிக்கு எந்திரச் சாமான். 1908இல் சங்கம் கலைந்துபோச்சு.

ஆக, அக்கம்பக்கத்து இரண்டு ஊரில் இரண்டு குடியேற்றம். கூலி வாங்கி வாழ்கிறவனுக்குச் சங்கம் கலைந்தால் குடியிருப்பும் ஆட்டம் கண்டுவிடும். சொத்தும் படிப்பும் உள்ளவருக்கு ஒரு இடிந்த கட்டடம்கூட அழகான வீடாகிவிடும். 'ஊரோடு ஒட்டி வாழ்வது' என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதற்குள்ளே இவ்வளவு வித்தியாசம் இருக்கு.

சரி, அந்த ஆங்கிலக் கிராமம் யாருடையது? தேன் நிறக் கல்வீடு, பச்சைப் புல், வேலி, மணிக்கூண்டு. காலண்டரில் பார்த்திருப்பீர்கள். அந்த வேலிக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1604க்கும் 1914க்கும் இடையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சட்டங்கள் போட்டு, 68 லட்சம் ஏக்கர் நிலத்துக்கு அங்கே வேலி போட்டார்கள். ஊருக்குப் பொதுவாகக் கிடந்த மேய்ச்சல், விறகு, கதிர் பொறுக்கும் உரிமை எல்லாம் அதோடு போச்சு. நிலம் இழந்தவன் கூலியானான், இல்லையென்றால் ஆலைக்குப் போனான்.

பக்கத்து மாவட்டமான வாரிக்ஷயரில் ஜோசப் ஆர்ச் என்று ஒரு வேலி வெட்டும் தொழிலாளி. தன் வாழ்க்கை வரலாற்றில் ஒரு சம்பவம் சொல்கிறார். சின்னப் பையனாக இருக்கும்போது கோயில் கதவின் சாவித் துவாரம் வழியே நற்கருணை கொடுப்பதைப் பார்த்திருக்கிறார். முதலில் நிலப்பிரபு போனார். பிறகு பெரிய விவசாயிகள், பிறகு கடைக்காரர்கள். கூலிக்காரர்கள் கடைசியில், தனியாக. அந்தக் கூட்டத்தில் தன் அப்பாவைப் பார்த்த பிள்ளைக்கு மனசு கொதித்தது. கோயிலுக்குள்ளே தனி வரிசை, தனிக் கல்லறை என்பதைப் பார்த்து வளர்ந்த தமிழ்நாட்டுத் தலித் கிறிஸ்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்தப் பையன்தான் 1872 பிப்ரவரியில் வெல்ஸ்போர்ன் கிராமத்தில் ஒரு மரத்தடியில் கூலித் தொழிலாளர்களைக் கூட்டிச் சங்கம் கட்டினார். அடுத்த வருஷம் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் ஆஸ்காட் என்ற ஊரில் வேலைநிறுத்தத்தை உடைக்க வந்தவர்களைத் தடுத்ததாக 16 பெண்களைச் சிறையில் போட்டார்கள். கைக்குழந்தையோடு போனவர்களும் உண்டு. 1884இல்தான் பெரும்பாலான ஆண் விவசாயத் தொழிலாளிக்கு ஓட்டு. 1894இல் கிராம மன்றங்கள் வந்தன. குமாரசாமி பார்த்த அமைதியான கிராமம் இத்தனை போராட்டம் நடந்து முடிந்த பிறகு உள்ள கிராமம். அந்த அமைதியை அவருக்கு முன்னாலேயே வேறு யாரோ விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தார்கள்.

இந்த இடத்திலிருந்து 1909இல் இந்தியக் கைவினைஞனைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். முன்னுரை எழுதியவர் ஆஷ்பி. கிராமக் கைவினைஞன் ஊருக்குச் சொந்தமானவன், ஊர் அவனுக்குத் தானியத்தில் பங்கும் நிலமும் கொடுக்கிறது, பரம்பரையாக வந்த தொழிலில் அவனுக்குப் பெருமை இருக்கிறது, ஆலை முதலாளி அவனை விரட்டவில்லை என்று போகிறது சித்திரம். ஒரு பக்கம் அதில் நியாயம் உண்டு. ஆலை மனிதனை எந்திரத்தின் உறுப்பாக்குகிறது என்று சொன்னது சரி. வெள்ளைக்காரனைப் பார்த்து அப்படியே ஆடுகிற நம்ம படித்த வர்க்கத்தைக் கிண்டல் செய்ததும் சரி. அந்தக் காலத்தில் ஏகாதிபத்தியத்தின் தலைநாட்டில் இருந்துகொண்டு அதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேணும்.

ஆனா அந்தக் கிராமத்தில் யார் இல்லை என்று பாருங்க. தச்சன் இருக்கான், கொல்லன் இருக்கான், குயவன் இருக்கான், நெசவாளி இருக்கான். செத்த மாட்டைத் தூக்குகிறவனுக்கு எந்தச் சங்கம்? சாவுக்குப் பறை அடிக்கிறவனுக்கு எந்தக் கைவினைப் பெருமை? நம்ம நாஞ்சில் நாட்டையே எடுத்துக்குவோம். இந்த வயல்களில் சேற்றை மிதித்தவர்கள் புலையரும் பறையரும். திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழிப்பதாக 1855இல் அறிவித்தது. அதுவரை அவர்களை விற்றார்கள், ஒற்றி வைத்தார்கள், பாட்டத்துக்கு விட்டார்கள். நிலத்துக்கு எழுதுகிற அதே சொற்கள் மனுஷனுக்கும். அறிவிப்புக்கும் அந்தப் புத்தகத்துக்கும் இடையில் 54 வருஷம்தான். நெல்லில் பங்கு வாங்கினவனை அவர் பார்த்தார். நெல்லோடு சேர்த்து விற்கப்பட்டவன் அவர் கண்ணில் படவில்லை.

இன்னொன்று. இதுதான் எனக்கு முக்கியம். பரம்பரைத் தொழிலைப் புகழ்ந்தவர் தான் என்ன தொழில் செய்தார்? அப்பா வக்கீல். பிள்ளை நிலவியல் அறிஞர், பிறகு அச்சுக்காரர், பிறகு கலை வரலாற்றாசிரியர், 1917 முதல் அமெரிக்காவில் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் பொறுப்பாளர். ஒரே ஆயுளில் மூன்று நாடு, நான்கு வேலை. இது அவர் உரிமை, நமக்கு அதில் புகார் இல்லை. ஆனால் 1918இல் வந்த கட்டுரைத் தொகுப்பிலும், கடைசிக் காலத்து எழுத்திலும் சாதியை அவர் தொழில் அடிப்படையிலான சமூக ஒழுங்கு என்று நியாயப்படுத்துகிறார். மாறுகிற சுதந்திரம் தனக்கு, மாறாமல் இருக்கிற பெருமை அடுத்தவனுக்கு. கிராமத்தைப் புகழ்கிற கதையாடல் அத்தனையிலும் இந்த ஏற்பாடு ஒளிந்திருக்கு.

இந்தக் கதையாடலுக்கு அவர் மட்டும் பொறுப்பில்லை. இந்தியக் கிராமங்கள் குட்டிக் குடியரசுகள் என்று 1830இல் எழுதினவர் மெட்காஃப் என்ற வெள்ளை அதிகாரி. கிராம சமுதாயங்கள் பற்றிய ஹென்றி மெய்னின் புத்தகத்தைக் காந்தி 1909இல் தன் 'ஹிந்த் ஸ்வராஜ்' கடைசியில் படிக்க வேண்டிய நூல்களில் ஒன்றாகச் சேர்க்கிறார். அதே 1909. சுதேசி என்று நாம் நம்பின கிராமத்தின் பாதிச் சித்திரம் இங்கிலீஷில் வரையப்பட்டது. 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் பாபாசாகேப் அம்பேத்கர் இந்த மெட்காஃபைத்தான் எடுத்துப் போட்டு உடைத்தார். கிராமம் என்பது குறுகிய புத்தியும் அறியாமையும் வகுப்புவாதமும் அடைந்து கிடக்கிற இடம் என்றார். அவரும் லண்டனில் படித்தவர்தான். தூரத்திலிருந்து பார்த்தால் கிராமம் அழகாகத்தான் தெரியும் என்று சொல்ல முடியாது. அம்பேத்கரும் தூரம் போய்ப் பார்த்தவர்தானே. எந்தத் தெருவிலிருந்து புறப்பட்டுப் போனோம் என்பது கண்ணோடு கூடவே வருது.

ஆர்ச் கதைக்கு இங்கே திரும்பணும், ஒரு வித்தியாசத்துக்காக. பார்ஃபோர்டு கிராமத்துக் கூலிக்காரன் பர்மிங்ஹாம் போய் ஆலையில் சேர்ந்தால் கடைசி வரிசையை ஊரிலேயே விட்டுவிட்டுப் போகலாம். வறுமை கூட வரும், வரிசை வராது. சாதி அப்படி இல்லை. மில்டன் கீன்ஸ் நகரத்தில் ஒரு இந்தியக் குடும்பத்தில் வீட்டு வேலை செய்த, பீகாரைச் சேர்ந்த ஆதிவாசிப் பெண்ணின் வழக்கு அங்கே 'திர்க்கி வழக்கு' என்று பெயர் பெற்றது. மணிக்கு 11 பென்ஸ்தான் கூலி. 2015இல் தீர்ப்பாயம் அவருக்கு ஏறத்தாழ 1,84,000 பவுண்டு கொடுக்கச் சொன்னது. சாதியைப் பாகுபாட்டுச் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 2013இல் முடிவெடுத்தது. 2018இல் அரசாங்கம் தனிச் சட்டம் வேண்டாம், வழக்குத் தீர்ப்புகளே போதும் என்று பின்வாங்கியது. படிக்கப் போகிற தம்பி தங்கைகள் இதைத் தெரிந்துகொண்டு போங்க. ஊர்க்கார வெள்ளைக்காரக் கிழவி நீ எந்த ஆளு என்று கேட்கமாட்டாள். அறையில் கூடத் தங்குகிற நம்மாளு கேட்பான். நேராகக் கேட்காமல் ஊரைக் கேட்பான், தெருவைக் கேட்பான்.

நான் வங்கியில் வேலை பார்க்கிறவன். படிவத்தில் இரண்டு கட்டம் உண்டு: தற்போதைய முகவரி, நிரந்தர முகவரி. இரண்டாவது கட்டத்தில் 'காலனி' என்று எழுதும்போது பேனா கொஞ்சம் மெதுவாகப் போகிற பிள்ளைகளை நான் கவுன்டருக்கு உள்ளேயிருந்து பார்த்திருக்கேன். 2025 ஏப்ரலில் தமிழக முதல்வர் அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்குவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. சொல் போகட்டும். காலனிக்காரன் ஊர்த் தெருவில் வீடு வாங்க, வாடகைக்குப் போக வழி வந்தால்தான் முகவரி மாறும். 1997இல் அறிவித்த சமத்துவபுரம் திட்டம் அந்தத் திசையில் ஒரு அடி. நூறு வீட்டில் நாற்பது தலித்துகளுக்கு. ஆனால் அது ஊருக்கு வெளியே புதுசாகக் கட்டின ஊர். பழைய ஊர் பழைய ஊராகவே இருக்கு.

கடற்கரைத் தோழர்களுக்கு ஒன்று. 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை இங்கே இனயத்தில் பெரிய துறைமுகத்துக்குக் கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. வரைபடத்தில் ஆழம் இருந்தது, கப்பல் பாதை இருந்தது. கரையில் இருந்த வீடும் வலையும் இல்லை. நீங்கள் எழுந்து நின்றீர்கள், திட்டம் இங்கிருந்து நகர்ந்தது. தூரத்தில் உட்கார்ந்து நம்ம இடத்தை வரைகிறவர்களுக்குப் பதில் சொல்லும் விதம் உங்களுக்குத் தெரியும். கடல் வேறு, வயல் வேறு, சாதி நிலை வேறு. அந்தப் பாடம் ஒன்றுதான்.

மாணவர்களிடம் நான் கேட்பது இதுதான். அவங்கவங்க ஊரை எழுதுங்க. எந்தக் கிணற்றில் யார் தண்ணி எடுத்தார்கள், எந்த வழியில் பிணம் போகக் கூடாது, எந்த விளையை யார் பேரில் எழுதிக்கொண்டார்கள், கோயிலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தோம். பாட்டிமாருக்கு ஓர்மை இருக்கும்போதே கேட்டு, வருஷத்தோடு எழுதிக்கொள்ளுங்க. குமாரசாமிக்கு நார்மன் சேப்பலும் கை அச்சும் இருந்தது. நமக்கு ஒரு நாப்பது பக்க நோட்டு போதும். முதல் பக்கத்தில் தெருவின் பெயரை முழுசாக எழுதுங்க.