முந்திரி ஒவ்வாமையும் இரத்தப் பரிசோதனையும்

(அறக்கட்டளை விழாவில் நிகழ்த்திய மருத்துவ உரையின் எழுத்து வடிவம்)



விழா நாளில் நோயைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ எனச் சிலர் எண்ணக்கூடும். ஆயினும் நான் எடுத்துக்கொண்ட பொருள் விழா விருந்தோடு நேரே தொடர்புடையது. பொங்கலிலும் பாயசத்திலும் கேசரியிலும் முந்திரி இல்லாத விருந்து நம் இல்லங்களில் அரிது. புலால் மறுத்த குடும்பங்களில், அதிலும் வெங்காயமும் பூண்டும் கிழங்கும் நீக்கிச் சமைக்கும் வீடுகளில், குழம்பு கெட்டிப்படவும் சுவை கூடவும் அரைத்த முந்திரியையே பலர் நாடுகின்றனர். முந்திரிக்குப் பெயர்பெற்ற பண்ருட்டியும் நமக்குத் தொலைவில் இல்லை. ஆதலின் ஒரு குழந்தைக்கு முந்திரி ஒவ்வாதெனின், அதற்குரிய ஆபத்து வீட்டு அடுக்களையிலும் உறவினர் பந்தியிலுமே இருக்கிறது.

முந்திரி, பாதாம், பிஸ்தா, அக்ரூட் ஆகியவற்றை மரக்கொட்டைப் பருப்புகள் என ஒரு வகையாக மருத்துவர் கொள்வர். வேர்க்கடலை இவ்வகையைச் சேர்ந்ததன்று. அது துவரை, உளுந்து போன்ற பயறு இனம். எனவே ஒன்று ஒவ்வாதவர்க்கு மற்றொன்றும் ஒவ்வாது என்பது கட்டாயமில்லை. ஆனால் முந்திரியும் பிஸ்தாவும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்று ஒவ்வாதவர்க்கு மற்றதும் பெரும்பாலும் ஒவ்வாது.

உடலில் நிகழ்வது யாது? 1921ஆம் ஆண்டில் ப்ரவுஸ்னிட்ஸ், கூஸ்ட்னர் என்னும் இரு செர்மானிய மருத்துவர்கள் ஓர் ஆய்வு செய்தனர். கூஸ்ட்னருக்கு மீன் ஒவ்வாது. அவருடைய இரத்த நீரில் சிறிது எடுத்து ப்ரவுஸ்னிட்சின் தோலில் செலுத்தினர். மறுநாள் அதே இடத்தில் மீன் சாறு செலுத்தியபோது, மீனால் எத்தீங்கும் அறியாத ப்ரவுஸ்னிட்சின் தோல் தடித்து வீங்கியது. ஒவ்வாமையைத் தாங்கும் பொருள் இரத்தத்தில் உள்ளது என்பது அதனால் விளங்கிற்று. அப்பொருள் இன்னதென அறிய மேலும் நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. 1966, 1967 ஆண்டுகளில் அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியரும், சுவீடனில் யோஹான்சன், பென்னிக் ஆகியோரும் தனித்தனியே அதனைக் கண்டறிந்தனர். இம்யூனோகுளோபுலின் ஈ, சுருக்கமாக ஐஜிஈ, என்பது அதன் பெயர்.

முந்திரியின் புரதத்தை உடல் பகையாகக் கருதிவிட்டால், அதற்கென்றே ஐஜிஈ உண்டாகித் தோலிலும் மூச்சுக்குழலிலும் குடலிலும் உள்ள சில செல்களின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த முறை முந்திரி உட்சென்றதும் அச்செல்கள் ஹிஸ்டமின் முதலிய பொருள்களைக் கொட்டுகின்றன. உண்ட சில நிமிடங்களில், பெரும்பாலும் இரண்டு மணி நேரத்திற்குள், அரிப்பு, தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு ஆகியன தோன்றும். மூச்சடைப்போ இரத்த அழுத்த வீழ்ச்சியோ நேரின் அதனை அனாபிலாக்சிஸ் என்பர். உயிருக்கே ஊறு செய்வது அது. முந்திரியின் மேலோட்டிலுள்ள எண்ணெய் பட்டுக் கை புண்ணாவது இதனின் வேறானது. சேராங்கொட்டைப் பால் பட்டாற்போன்ற அப்புண்ணுக்கும் ஐஜிஈக்கும் தொடர்பில்லை.

இனி இரத்தப் பரிசோதனைக்கு வருவோம். சிறிது இரத்தம் எடுத்து, முந்திரிக்கெனத் தனித்த ஐஜிஈ எவ்வளவு உள்ளது என அளப்பதே இச்சோதனை. லிட்டருக்கு 0.35 கிலோ யூனிட் என்பதைப் பல ஆய்வகங்கள் எல்லையாகக் கொண்டு, அதற்கு மேற்பட்டதைப் ‘பாசிட்டிவ்’ என எழுதுகின்றன. தோலில் மருந்திட்டுக் குத்திப் பார்க்கும் சோதனைக்கு முன் அரிப்பு மாத்திரையைச் சில நாள்கள் நிறுத்த வேண்டும். இரத்தச் சோதனைக்கு அது வேண்டுவதில்லை. தோல் முழுதும் கரப்பான் உள்ள குழந்தைக்கும் இது ஏற்றது.

ஆனால் இவ்விடத்தில்தான் பெரும் குழப்பம் நேர்கிறது. அத்தாளில் உள்ள எண் ஐஜிஈ இருக்கிறது என்று மட்டுமே கூறுகிறது. நோய் இருக்கிறது என்று கூறுவதில்லை. இரு சிறுவர்களை எண்ணிப் பாருங்கள். இருவர்க்கும் எண் 2 என வந்திருக்கிறது. முதலாமவன் வாரந்தோறும் முந்திரி உண்கிறான். ஒரு தீங்கும் இல்லை. இரண்டாமவன் சென்ற மாதம் ஒரு துண்டு உண்டு பத்து நிமிடத்தில் உதடு வீங்கி மூச்சிரைத்தான். எண் ஒன்றே, ஆனால் முதலாமவனுக்கு ஒவ்வாமை இல்லை, இரண்டாமவனுக்கு உண்டு. அவ்வாறு பிரித்துக் காட்டியது இரத்தமன்று, நடந்த நிகழ்ச்சியே.

எண் கூடக் கூட உண்மையான ஒவ்வாமை இருப்பதற்குரிய வாய்ப்பு கூடும் என்பது சரி. ஆனால் அடுத்த முறை எத்துணைக் கடுமையாக வரும் என்பதை அந்த எண் சொல்லாது. குறைந்த எண் உள்ளவர்க்கும் கடுமையாக வரலாம். உண்டவுடன் தெளிவாக ஒவ்வாமை கண்டவர்க்குச் சோதனை ‘நெகட்டிவ்’ என வந்தாலும், “இனி அஞ்சாமல் உண்ணலாம்” எனத் தாமே முடிவு செய்தல் ஆகாது. ஐயம் தீராதவிடத்து, மருத்துவமனையில் மருத்துவர் கண்முன் சிறிது சிறிதாக உண்ணச் செய்து பார்க்கும் உணவுச் சோதனையே முடிவானது. அதனை வீட்டில் செய்யலாகாது. முந்திரியின் தனிப் புரதமாகிய அனா-ஓ-3 என்பதற்குரிய ஐஜிஈயை அளக்கும் நுண்ணிய சோதனையும் இன்று உண்டு. முழு முந்திரிக்குரிய சோதனையைக் காட்டிலும் அது தெளிவான விடை தரவல்லது.

ஆகவே பெற்றோர்க்கு என் வேண்டுகோள் இது. காரணமின்றி ஐம்பது, நூறு உணவுகளுக்கு ஒருசேர இரத்தம் சோதிக்க முனையாதீர்கள். அப்பட்டியலில் ‘பாசிட்டிவ்’ எனச் சில வருவது இயல்பே. அதை நம்பிப் பாலையும் பயறையும் பருப்பையும் நிறுத்தினால், புலால் உண்ணாத குழந்தைக்குப் புரதம் எங்கிருந்து கிடைக்கும்? வளர்ச்சி குன்றும். ஐஜிஜி எனும் வேறொரு பொருளை அளந்து உணவு ஒவ்வாமை எனக் கூறும் சோதனைகளும் விற்கப்படுகின்றன. ஓர் உணவை உண்டிருக்கிறோம் என்பதற்கே ஐஜிஜி அடையாளம்; ஒவ்வாமையை அறிய அது உதவாது. மருத்துவரிடம் செல்லும்போது சோதனைத் தாளைவிட ஒரு குறிப்பைக் கொண்டு செல்லுங்கள்: என்ன உண்டது, எவ்வளவு, எத்தனை நிமிடத்தில், என்ன நேர்ந்தது, எவ்வாறு தணிந்தது, அதற்கு முன் அவ்வுணவை உண்டதுண்டா. இவ்வாறும் அமைந்த குறிப்பு பாதி நோயறிதலுக்குச் சமம்.

ஒவ்வாமை உறுதியானபின் செய்ய வேண்டுவன யாவை? முதலாவது, விலக்கல். நெய்யில் வறுத்தாலும் முந்திரியின் புரதம் அழிவதில்லை. முந்திரி வறுத்த நெய்யை ஊற்றிய பொங்கலிலிருந்து முந்திரியைப் பொறுக்கி எடுத்துவிட்டால் போதும் என்பது தவறு. முந்திரி அரைத்த மிக்சி ஜாரும், பாயசத்தில் இட்ட கரண்டியும் அவ்வாறே. பொட்டலப் பண்டங்களில் மரக்கொட்டைப் பருப்பும் வேர்க்கடலையும் இருப்பின் அதனைக் குறிப்பிட வேண்டும் என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. அவ்வரியைப் படித்தே வாங்குங்கள். இனிப்புக் கடையில் எடையிட்டுத் தரும் பண்டத்தில் அத்தகைய வரி இராது. அங்கே ஒரே தட்டும் கத்தியும் எல்லா இனிப்புக்கும் பயன்படக்கூடும் என்பதை மறவாதீர்கள்.

இரண்டாவது, மருந்து. அனாபிலாக்சிஸுக்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்பக்கத் தசையில் அதனைச் செலுத்த வேண்டும். எடையில் ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பது அளவு; பெரியவர்க்கு ஒரு முறைக்கு 0.5 மில்லிகிராமுக்கு மிகலாகாது. தேவைப்படின் ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் மீண்டும் தருவர். அரிப்பு மாத்திரை தடிப்பைத் தணிக்கும். அடைக்கும் மூச்சைத் திறவாது. மாத்திரை தந்துவிட்டுக் காத்திருந்த நேரமே உயிரைக் குடித்த நேரமாகிவிடும். தானே செலுத்திக்கொள்ளும் அட்ரினலின் பேனா நம் நாட்டில் எளிதில் கிடைப்பதில்லை. ஆதலின் மருந்தும் சிரிஞ்சும் எவ்வாறு வைத்திருப்பது, யார் செலுத்துவது, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவரிடம் எழுத்தில் பெற்று, ஒரு படியைப் பள்ளியிலும் தந்து வையுங்கள். தாக்குதல் நேரின் நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து அமரச் செய்யுங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள். 108ஐ அழையுங்கள். தணிந்துவிட்டது எனத் தோன்றினும் மருத்துவமனைக்குச் செல்க. சில மணி நேரம் கழித்து மீண்டும் வருவதுண்டு.

மூன்றாவது, மறுஆய்வு. மரக்கொட்டை ஒவ்வாமை ஏறத்தாழப் பத்தில் ஒரு குழந்தைக்கே வளர வளர நீங்குகிறது. அப்பேறு நம் குழந்தைக்கு வாய்த்ததா என அறிய மருத்துவர் கூறும் இடைவெளியில் ஐஜிஈயை மீண்டும் அளந்து பார்ப்பது இரத்தப் பரிசோதனையின் நற்பயன்களுள் ஒன்று. எண் இறங்கி வருமாயின் உணவுச் சோதனைக்குக் காலம் கனிந்தது எனக் கொள்ளலாம்.

இறுதியாக, விருந்தளிப்போர்க்கு ஒரு சொல். “ஒரு வாய்தானே, சாப்பிடு கண்ணு, ஒன்றும் ஆகாது” என்று அன்பு மிகுதியால் ஊட்டிவிடும் பாட்டிமார்களை நான் நன்கறிவேன். அக்குழந்தை “வேண்டாம்” எனும்போது அதனை ஏற்பதே மெய்யான அன்பு. சமையற்காரரிடம் எவ்வெவற்றில் முந்திரி சேர்ந்தது எனக் கேட்டு, பந்தி வாயிலில் ஒரு பலகையில் எழுதி வைப்பதற்கு ஒரு சுண்ணக்கட்டியும் ஐந்து நிமிடமுமே செலவு. முந்திரி சேராத பொங்கலைத் தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியோடு எடுத்து வைப்பதும் அரிதன்று. இவ்வாண்டு விருந்திலிருந்தே அதனைத் தொடங்குமாறு அறங்காவலர் பெருமக்களை வேண்டி அமைகிறேன்.