பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்?



ஜமுனாமரத்தூருக்கான மின்கம்பி காட்டைக் கடந்துதான் மலையேறுகிறது. மழைக்காற்றில் ஒரு கிளை முறிந்து விழுந்தால் போதும், ஜவ்வாது மலைச் சிற்றூர்கள் இருண்டுவிடும். அந்த இருட்டில், வெயிலும் பேட்டரியும் இருக்கும்போது கூடங்குளம் அணுமின் நிலையம் எதற்கு என்று இங்கே யாராவது கேட்டால், அதற்கு நேரான பதில் சொல்ல வேண்டும்.

கூடங்குளத்தில் ஓடும் இரண்டு உலைகளும் தலா 1000 மெகாவாட். முழுத் திறனில் ஓர் உலை ஒரு நாளில் தருவது 2 கோடியே 40 லட்சம் யூனிட். 500 மெகாவாட் திறனில் இரண்டு மணி நேரம் மின்சாரம் தரும் பெரிய பேட்டரி நிலையத்தில் அடங்குவது 10 லட்சம் யூனிட். அப்படி 24 நிலையங்கள் நிறைந்தால்தான் அந்த ஒரு நாள் கணக்கு சரியாகும். அவற்றை நிரப்பவும் வேறெங்கோ மின்சாரம் விளைய வேண்டும். சாமையைக் காக்கும் குதிர் சாமையை விளைவிப்பதில்லையே!

ஆனாலும் பேட்டரியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. தமிழ்நாட்டில் நண்பகலில் சூரிய மின்சாரம் பெருகுகிறது. பொழுது சாய்ந்ததும் அது நின்றுபோக, வீடுகளில் விளக்குகள் எரியவும் விசிறிகள் சுழலவும் தொடங்குகின்றன. அந்த மாலை நெருக்கடியைத் தாங்கப் பேட்டரியைப் போல விரைவானது வேறில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இன்று இது அன்றாட நடைமுறை. அங்கேயும் டயாப்லோ கேன்யன் அணுமின் நிலையத்தை மூடும் முடிவைத் தள்ளிவைத்தார்கள்.

நமக்குச் சிக்கல் பருவத்தில் இருக்கிறது. முப்பந்தல், ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் ஆனி, ஆடி மாதங்களில் வேகமாகச் சுழலும். ஐப்பசியில் வானம் மூடி, காற்றும் தளர்ந்த நாட்கள் அடுத்தடுத்து வரும்போது, இரண்டு மணி நேரப் பேட்டரி என்ன செய்யும்? ஆடி மாதத்து மின்சாரத்தை ஐப்பசி வரை வைத்திருக்கும் பேட்டரியைக் கட்டுப்படியாகும் விலையில் இன்று யாரும் தரவில்லை. தண்ணீரை மேலேற்றி, தேவையானபோது இறக்கி மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் கடம்பாறை நிலையமும் மணிக்கணக்கில்தான் உதவும். அணு உலையும் எரிபொருள் மாற்றுவதற்காக வாரக்கணக்கில் நிற்கும். அதன் கழிவை நெடுங்காலம் காக்க வேண்டும் என்பதும் உண்மை. என்றாலும் மழை நாளிலும் நள்ளிரவிலும் ஓடுகிற உலையை, பேட்டரியை நம்பி இன்றே மூடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாலை நேரத்து நிலக்கரி மின்சாரத்தைக் குறைப்பதுதான் பேட்டரியின் முதல் வேலை.

ஜவ்வாது மலைக்கு வேண்டியது இதைவிட எளிது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பிரசவ அறைக்கு விளக்கு வேண்டும். கூரையில் சூரியத் தகடுகளும், கம்பி அறுந்த இரவைத் தாண்டும் அளவுக்கு ஒரு பேட்டரியும் இருந்தால் இவ்விரண்டும் நடக்கும். இதற்குக் கூடங்குளத்தைப் பற்றிய தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.